நம்மட வெயிலும் என்ஜின் ஒயிலும்

(மட்டக்களப்பில் வாகன உரிமையாளர்களும் கராஜ் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"நம்மட வெயிலுக்கு எந்த ஒயில் சரி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊரில் இதற்கு ஏற்கனவே ஒரு விடை இருக்கிறது. "சூடான ஊர், மனே. ஒயில் தடிப்பா இருக்கவேணும். இருபது-அம்பது ஊத்து." செங்கலடியிலும் சொல்வார்கள், களுவாஞ்சிகுடியிலும் சொல்வார்கள். முப்பது, நாற்பது வருடம் கையில் ஒயில் பட்ட பெரியவர்கள் சொல்கிற விடை அது. அதைத் தூக்கி எறிய நான் வரவில்லை. சில என்ஜின்களுக்கு அந்த விடை அப்படியே சரி. வேறு சில என்ஜின்களை அதே விடை மெல்ல மெல்லத் தின்கிறது. எது எதற்கு, ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயில் தாங்கவேண்டிய சூட்டை என்ஜின்தான் உண்டாக்குகிறது. வெயில் அதில் சிறு பங்குதான். ஆகவே கேனில் எழுதியிருக்கும் எண்ணை முதலில் தீர்மானிப்பது என்ஜினைச் செய்தவர் அதன் உறுப்புகளுக்கிடையே வைத்த இடைவெளியும் அது சுமக்கிற பாரமும். நம்முடைய காலநிலை மாற்றவேண்டியது பெரும்பாலும் ஒயிலின் எண்ணை அல்ல, ஒயில் மாற்றும் தவணையை.

கேனில் 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும், அல்லது 10டபிள்யூ-30, 0டபிள்யூ-20. கராஜில் நாம் சொல்வதுபோல டபிள்யூவை விட்டுவிட்டு 20-50, 10-30, 0-20 என்றே நானும் சொல்கிறேன். இந்த வகைப்பாட்டை அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்ஏஈ 1911 இல் தொடங்கியது. பிறகு பலமுறை திருத்தியிருக்கிறது.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண், உறைபனியில் என்ஜின் எவ்வளவு இலகுவாகச் சுற்றும் என்பதைச் சொல்லும். 20 என்று தொடங்கும் ஒயிலைச் சுழியத்துக்குக் கீழே 15 பாகை செல்சியசில் சோதிக்கிறார்கள். 15 இல் தொடங்குவதைச் சுழியத்துக்குக் கீழே 20 பாகையில், 10 ஐ 25 இல், 5 ஐ 30 இல், 0 வை 35 இல். மட்டக்களப்பில் தை மாதத்து விடியலிலும் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பதுளை வீதியால் ஏறி நுவரெலியாவில் போய் நின்றாலும், புல்லில் பனி உறைகிற அந்த ஓரிரு விடியலில் அங்கே சுழியம் பாகைதான். 20-50 ஊற்றிய வாகனம் அங்கேயும் ஸ்டார்ட் ஆகும். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற நம்மவர்களுக்குத்தான் அந்த முதல் எண் உயிர்ப் பிரச்சினை. அங்கே மாசி மாதத்துக் கடுங்குளிர் நாட்களில் சுழியத்துக்குக் கீழே 20 பாகைவரை இறங்கும். 20-50 அங்கே என்ஜினுக்குள் கட்டிப்போய்விடும்.

அப்படியானால் முதல் எண் நமக்கு வேண்டாதது என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். சாதாரண 20-50 ஒயிலின் பாகுநிலை, அதாவது தடிப்பின் அளவு, என்ஜின் நன்றாகச் சூடேறி 100 பாகையில் இருக்கும்போது ஏறக்குறைய 18 சென்ரிஸ்ரோக். அதே ஒயில் விடியற்காலை 24 பாகையில் ஏறக்குறைய 400. இருபது மடங்குக்கு மேல். 0-20 ஒயில் அதே விடியலில் 80, 85 அளவில் நிற்கும். நமக்குக் குளிர் தெரியாத விடியல்கூட ஒயிலுக்குக் குளிர்தான். ஸ்டார்ட் பண்ணிய முதல் நொடிகளில் தடித்த ஒயில் பம்பிலிருந்து மேலே கேம் தண்டுவரை ஏறத் தாமதிக்கும். ஸ்டார்ட் பண்ணின கையோடு அக்சிலேற்றரை முறுக்கி உறுமவிடுகிற பழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. முறுக்கவேண்டாம். அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு மெதுவாகப் புறப்படுங்கள்.

இரண்டாவது எண்தான் வேலைச் சூட்டில் உள்ள தடிப்பு. 100 பாகையில் அளக்கிறார்கள். 20 என்றால் 6.9 இலிருந்து 9.3 சென்ரிஸ்ரோக் வரை, 30 என்றால் 9.3 இலிருந்து 12.5, 40 என்றால் 12.5 இலிருந்து 16.3, 50 என்றால் 16.3 இலிருந்து 21.9. இதைவிட 150 பாகைச் சூட்டில், பெயாரிங்குக்குள் நசுங்குவதுபோல வேகமாகத் தேய்த்து அளக்கிற இன்னொரு சோதனையும் உண்டு. நல்ல கம்பனி ஒயிலுக்கும் நிறம் மட்டும் போட்ட ஒயிலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

இந்தத் தடிப்பு எதற்காக? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 1883 இல் இங்கிலாந்தில் போசம்ப் டவர் என்ற பொறியியலாளர் ரெயில் அச்சுத் தண்டின் பெயாரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். பெயாரிங்கின் உச்சியில், பாரம் அழுத்துகிற அதே இடத்தில், ஒயில் விடுவதற்கு ஒரு துளை போட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும் ஒயில் உள்ளே போகாமல் துளை வழியாக மேலே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார். கட்டையைத் தள்ளி வெளியே எறிந்தது. அழுத்தமானி பொருத்திப் பார்த்தார். பாரத்தைப் பரப்பளவால் வகுத்து வருகிற சராசரி அழுத்தத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே காட்டியது. இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. ஒயில் படலம் ஒன்றுதான் முழுப் பாரத்தையும் தூக்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் கழித்து, 1886 இல், ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதன் கணக்கை எழுதினார். இன்றைக்கும் ஒவ்வொரு என்ஜின் பெயாரிங்கும் அந்தக் கணக்கை வைத்தே வரையப்படுகிறது.

வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. முகத்துவாரம் தாண்டி என்ஜினை முறுக்கினால் பைபர் வள்ளத்தின் அணியம் எழும்பி, வள்ளம் தண்ணீரின் மேலே ஏறி ஓடுகிறதல்லவா, தண்டும் அப்படித்தான் ஒயிலைத் தனக்குக் கீழே இழுத்து அதன்மேல் ஏறி மிதக்கிறது. வேகம் குறைந்தால் அமரும். பாரம் கூடினால் அமரும். ஒயில் மெலிந்தாலும் அமரும். அமர்ந்தால் இரும்பு இரும்பைத் தொடும்.

அப்படியானால் தடிப்பு கூடினால் நல்லதுதானே என்பீர்கள். இங்கேதான் நம்முடைய ஊர் விடை தடுமாறுகிறது. அந்தப் படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு. தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையே விட்ட இடைவெளிக்குள் ஒயில் நுழையவேண்டும், நுழைந்து ஓடவேண்டும், ஓடும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஒயில் வெறும் வழுக்கி அல்ல. பெயாரிங்கைக் குளிர்விப்பதும் அதுதான். இடைவெளி ஒடுங்கிய என்ஜினில் தடித்த ஒயில் குறைவாகவே ஓடும். போதாததற்கு, தடித்த ஒயில் தேய்படும்போது தானே கூடுதலான சூட்டை உண்டாக்கும். சூட்டுக்குப் பயந்து ஊற்றிய ஒயிலே சூட்டைக் கூட்டுகிறது.

பழைய என்ஜின்களில் இடைவெளிகள் அகலம். அப்போது கிடைத்தவையும் 30, 40 என்று ஒற்றை எண் ஒயில்கள். சூடேறச் சூடேற மெலிந்துபோகிறவை. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பழைய மசி பேர்கசன் இவற்றில் கைதேர்ந்த பெரியவர்கள் தடித்த ஒயிலைத் தேடியது முழுக்கச் சரி. யுத்தகாலத்தின் பங்கும் இதில் உண்டு என்று நினைக்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் அறிவீர்கள். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். பெற்றோலாவது என்ஜின் சூட்டில் ஆவியாகித் திரும்பிப் போகும். மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். அது ஒயிலுக்குள்ளேயே தங்கிவிடும். ஒயில் நாளுக்கு நாள் மெலியும். அந்த நிலையில் தடிப்பாகத் தொடங்கு, அடிக்கடி மாற்று என்பது நூற்றுக்கு நூறு நல்ல பொறியியல். யாரும் பாடநூல் பார்த்துச் செய்ததில்லை. வாகனத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றிக் கற்றுக்கொண்டது. அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது அந்த எரிபொருளுக்கும் அந்த என்ஜினுக்கும் உரிய அறிவு.

இப்போது நம் வீதியில் ஓடுவது எது என்று பாருங்கள். டொயோட்டா அக்குவா, சுசுகி வகன் ஆர். ஜப்பானில் பாவித்து நமக்கு வந்தவை. பானெற்றைத் திறந்தால் பலவற்றின் ஒயில் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்து, "இது ஜப்பான் குளிருக்குச் சொன்னது, நம்மட ஊருக்குச் சரிவராது" என்று மூடியை மூடிவிட்டு 20-50 ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்பாகச் சொல்கிறேன், இதை நிறுத்தவேண்டும்.

தண்ணீரால் குளிர்கிற என்ஜினில் தேமோஸ்டாற் என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 82 இலிருந்து 90 பாகைக்குள் அது திறக்கும். அதுவரை றேடியேற்றருக்குத் தண்ணீரை விடாது. அதற்குமேல் சூடு ஏறினால் விசிறி சுற்றும். வெளியே கச்சான் காற்று வீசி 35 பாகை கொதித்தாலும், ஜப்பானில் பனி கொட்டினாலும், சூடேறி ஓடுகிற என்ஜினின் தண்ணீர் ஏறக்குறைய அதே சூட்டில்தான் நிற்கும். ஒயிலும் 90 இலிருந்து 110 பாகை அளவில் இருக்கும். ஜப்பானிலும் ஆவணி மாதத்தில் 35 பாகை தாண்டுகிறது என்பதையும் மறக்கவேண்டாம். அந்த 20 என்ற எண்ணை இந்தச் சூட்டை அறிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்த என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை ஒயிலின் அழுத்தமே மாற்றுகிறது. அதற்கான வழிகள் மிக நுண்ணியவை. 20-50 அதற்குள் தாமதமாக ஓடும். என்ஜின் மந்தமாகும், பெற்றோல் கூடுதலாகப் போகும். என்ஜின் உடனே உடையாது, அதுதான் ஆபத்து. உடனே உடைந்தால் பாடம் படித்துவிடுவோம்.

அதற்காக 0-20 தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. அதிவேகமாகவோ மிகுந்த பாரத்தோடோ ஓட்டுவதாக இருந்தால் கொஞ்சம் தடித்த ஒயில் பொருத்தமாக இருக்கலாம் என்று டொயோட்டாவின் சில கைநூல்களே சொல்கின்றன. குடும்பம் முழுவதையும் ஏற்றி, கூரையில் சாமானும் கட்டி அடிக்கடி மலைநாடு ஏறுகிறவர், அல்லது 2 இலட்சம் கிலோமீற்றர் தாண்டி ஒயில் குடிக்கத் தொடங்கிய வாகனம் வைத்திருப்பவர் 5-30 போடலாம். ஒரு படி ஏறலாம். மூன்று படி தாவக்கூடாது. ஒயில் குடிப்பதற்குத் தடித்த ஒயில் மருந்தும் அல்ல. வளையம் தேய்ந்திருந்தால் வளையத்தைத்தான் மாற்றவேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்தே ஓட்டினோம். இன்றைக்கும் புது வாகனம் வாங்குகிற விலையில் இல்லை. இருக்கிற என்ஜினை இன்னும் பத்து வருடம் ஓடவைப்பதுதான் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு உள்ள ஒரே வழி. ஆகவே ஒயில் நமக்குச் சின்ன விசயம் இல்லை.

இனி காலநிலை உண்மையாகவே கை வைக்கிற இடத்துக்கு வருகிறேன். காற்றால் குளிர்கிற என்ஜின். மோட்டார் சைக்கிளில் பெரும்பாலானவையும் ஓட்டோவும் இதில் அடக்கம். இங்கே தேமோஸ்டாற் இல்லை. வெளிக்காற்று 10 பாகை கூடினால் என்ஜினும் ஏறக்குறைய அந்த அளவு கூடுதலாகச் சூடாகும். காத்தான்குடிப் பிரதான வீதியில் நோன்பு மாதத்துப் பின்னேரம் ஊர்ந்து போகிற ஓட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் இல்லை, பின்னால் மூன்று பேர், காலடியில் அரிசி மூட்டை. அதன் விசிறி தள்ளுகிற காற்றே சூடான காற்று. பஜாஜ் தன் நாலு ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கு 20-50 சொல்கிறது. அது சரி. அதைக் குறைக்கவேண்டாம். பல்சர், டிஸ்கவர் மோட்டார் சைக்கிள்களுக்கும் அதே கம்பனி அதே எண்ணைச் சொல்லியிருக்கிறது.

ஆனால் பக்கத்து வீட்டு ஹீரோ ஸ்பிளெண்டருக்கு அதன் கம்பனி 10-30 சொல்கிறது. ஹொண்டாவும் தன் சிறிய மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் 10-30 சொல்கிறது. இரண்டும் இந்தியாவில் செய்தவை. ராஜஸ்தானில் 45 பாகை வெயிலில் ஓடுகிற வண்டிக்கும் அதே 10-30 தான். நம்முடைய கச்சான் அந்த வெயிலை எட்டாது. ஒரே அளவு என்ஜின், ஒரே வெயில், எண் மட்டும் ஏன் வேறு? செய்தவர் வேறு, அவர் உள்ளே வைத்த அமைப்பும் வேறு.   வெயிலைப் பார்த்து எண்ணைத் தெரிவுசெய்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மோட்டார் சைக்கிள்காரருக்கு எண்ணைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. கிளச்சும் கியரும் என்ஜின் ஒயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. காருக்கென்று வருகிற ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் போட்டிருப்பார்கள். மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளச் வழுக்கும். ஜப்பானியர் 1998 இல் இதற்கு ஜாசோ என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்குக் கேனில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கவேண்டும். கிளச் ஒயிலில் நனையாத ஸ்கூட்டருக்கு எம்பி. காருக்கு ஊற்றி மிஞ்சிய ஒயிலை வீணாக்காமல் மோட்டார் சைக்கிளில் விடுவது சிக்கனம் இல்லை.

வேளாண்மைக்காரருக்கு வருகிறேன். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, கரடியனாறுப் பக்கத்து வயல்களில் உழவு மெசின் படுகிற பாடு எந்தக் காருக்கும் இல்லை. இரும்புச் சில்லு மாட்டிச் சேற்றில் இறங்கினால் என்ஜின் முழுப் பலத்தில், மெசின் நடை வேகத்தில். முன்னால் இருந்து காற்றே வராது. நாலு சில்லு மெசின்களில் பெரும்பாலானவற்றுக்கு 15-40 டீசல் ஒயில்தான் பொருத்தம். கேனில் ஏபிஐ சிஎச்-4 அல்லது சிஐ-4 என்று பாருங்கள். எஸ்ஸில் தொடங்கும் எழுத்து பெற்றோலுக்கு, சியில் தொடங்குவது டீசலுக்கு. சில கேன்களில் இரண்டும் இருக்கும். சாதாரண ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம். கந்தகம் எரிந்தால் அமிலம். அந்த அமிலத்தை அடக்குகிற காரத்தன்மை டீசல் ஒயிலில் கூடுதலாக இருக்கும். அது தீர்ந்தபிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயன் இல்லை. இரண்டு சில்லு லேண்ட் மாஸ்டருக்கு அதன் கைநூல் ஒற்றை எண் 30 அல்லது 40 சொன்னால் அதையே போடுங்கள். உறைபனி இல்லாத ஊரில் ஒற்றை எண் ஒயிலுக்கு ஒரு குறையும் இல்லை.

நெல் சூடடிக்கும் காலத்தில் என்ஜின் கொதிக்கிறது, தடித்த ஒயில் போடட்டுமா என்று கேட்பார்கள். முதலில் றேடியேற்றரைப் பாருங்கள். வைக்கோல் தூசியும் பதரும் அதன் கண்களை அடைத்திருக்கும். பின்பக்கத்திலிருந்து காற்றோ தண்ணீரோ அடித்துக் கழுவினால் குறைகிற சூடு, ஒயில் எண்ணை மாற்றிக் குறையாது. அதோடு எயார் பில்டர். கச்சான் காலத்தில் செம்மண் வீதியில் பறக்கிற தூசி மணற்துகள். பில்டரின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அது உள்ளே போகும், ஒயிலோடு கலந்து சிலிண்டரைச் சுரண்டும்.

வள்ளக்காரருக்குச் சுருக்கமாக. இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போட் என்ஜினில் ஒயில் எரிபொருளோடு எரிந்துபோகிறது. அங்கே தடிப்பின் எண் பெரிய விசயம் இல்லை, வகைதான் விசயம். டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருக்கிற, சாம்பல் விடாத ஒயிலையே கலக்கவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு வருகிற டூ-ரீ ஒயில் சூடான காற்றுக்குளிர் என்ஜினுக்கென்று செய்தது. வாவித் தண்ணீரால் குளிர்கிற என்ஜினில் படிவு விடும். 2022 ஆவணியில் நம் வள்ளங்கள் குடிக்கிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது உங்களுக்கு மறக்காது. அப்படியான நாட்களில் ஒயிலைக் குறைத்துக் கலக்கலாமா என்று கை துருதுருக்கும். குறைக்கவேண்டாம். நாலு ஸ்ட்ரோக் அவுட்போட் வைத்திருப்பவர் 10-30 அல்லது 10-40, அவுட்போட்டுக்கென்றே வருகிற ஒயில் போடவேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் பாசியோ மணலோ தண்ணீர் இழுக்கும் வாயை அடைத்தால் எந்த ஒயிலும் காப்பாற்றாது. பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

நான் தொடக்கத்தில் தவணை என்று சொன்னேன். கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியது இதுதான், ஏனென்றால் எண்ணைப் பற்றிச் சண்டைபிடிக்கிற நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கல்லடியில் வீடு, பட்டினத்தில் வேலை. பாலத்தைக் கடந்தால் சில கிலோமீற்றர் தூரம். என்ஜின் தண்ணீர் சூடாகிவிடும், ஒயில் சூடாகியிருக்காது. ஒயில் சூடாகத் தண்ணீரைப்போல இரண்டு மடங்கு நேரம்கூட எடுக்கலாம். பெற்றோல் எரிந்தால் நீராவி உண்டாகும். அதில் ஒரு பங்கும், எரியாத பெற்றோலில் ஒரு பங்கும் ஒயிலுக்குள் இறங்கும். நீண்ட ஓட்டம் ஓடினால் அவை கொதித்து வெளியேறும். சில கிலோமீற்றரில் நிறுத்தினால் உள்ளேயே கிடக்கும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலான இந்த மண்ணில் ஈரப்பதனும் எப்போதும் அதிகம். ஒயில் மூடியின் அடியில் வெள்ளையாகப் பசைபோல ஒன்று படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. அக்குவா போன்ற ஹைபிரிட்டில் இன்னும் அதிகம் நடக்கும். அதன் என்ஜின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நன்றாகச் சூடாக வாய்ப்பே குறைவு. சூடான ஊர் என்று நினைத்துத் தடித்த ஒயில் ஊற்றுகிறோம். உண்மையில் அந்த என்ஜினின் குறை, போதிய அளவு சூடாகாததுதான்.

டொயோட்டா ஜப்பானில் சாதாரண பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்று தவணை சொல்கிறது. குறுந்தூர ஓட்டம், தூசி வீதி, மலை ஏற்றம் என்றால் அதில் பாதி, 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்கிறது. நம்முடைய ஓட்டம் முழுவதும் அந்த இரண்டாவது வகைதான். ஊரில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிற வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம். கைவிடவேண்டாம். மாதம் 200 கிலோமீற்றர் மட்டும் ஓடுகிறவர், கிலோமீற்றர் வரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருக்காமல் ஆறு மாதத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். கிழமையில் ஒருநாளாவது அரை மணித்தியாலத்துக்குமேல் ஓட்டுங்கள், வாழைச்சேனைக்குப் போய்வந்தாலும் போதும்.

ஒயில் கறுத்தால் பழுது என்று நினைக்கிறவர்கள் உண்டு. டீசல் என்ஜினில் புது ஒயில் முதல் நாளே கறுக்கும். கரியைக் கழுவி எடுக்கிறது என்று அர்த்தம். கறுப்பைவிட ஒயில் அளவுக் கம்பியில் மட்டம் ஏறுவதற்குப் பயப்படுங்கள். ஊற்றாமல் ஏறினால் உள்ளே எரிபொருளோ தண்ணீரோ இறங்குகிறது. 2011 தை வெள்ளத்தில் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மாரியிலும் அந்தப் பயம் நமக்கு உண்டு. மூழ்கிய வாகனத்தைச் சாவி திருப்பிப் பார்க்கவே கூடாது. கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் வெளிறிக் கலங்கியிருந்தால் முழுவதையும் வடித்து, பில்டரை மாற்றி, மலிவான ஒயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டுத்தான் நல்ல ஒயில் ஊற்றவேண்டும்.

வடித்த ஒயிலைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுவதும் மணல். நம்முடைய கிணறுகள் ஆழமற்றவை. கராஜின் பின்பக்கத்தில் ஊற்றுகிற பழைய ஒயில் அந்த மணலால் இறங்கி, யாருடைய கிணற்றுக்கோ வாவிக்கோ போகும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிற கண்டல் வேருக்குள் போகும். வேலித் தூணுக்குப் பூசுவதும் கறையானுக்கு ஊற்றுவதும் வேண்டாம். பாவித்த ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன. கையுறை இல்லாமல் அதற்குள் கைவிட்டு வேலைசெய்கிற தம்பிமாரே, உங்கள் தோலை நினைத்துச் சொல்கிறேன். பீப்பாயில் சேர்த்து வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜப்பானிலிருந்து வருகிற கார்களின் கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. டாஷ்போட்டில் கிடக்கும், யாரும் திறப்பதில்லை. அதில் ஒயிலுக்கென்று ஒரு பக்கம் உண்டு: என்ன எண், என்ன தரம், எத்தனை லீற்றர், எத்தனை மாதம். ஜப்பானில் வேலைசெய்து அந்த மொழி படித்துவந்த பிள்ளைகள் இப்போது நம் ஊர்களில் இருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற மாணவர்களே, அவர்களோடு உட்கார்ந்து, நம் வீதியில் அதிகம் ஓடுகிற பத்துக் கார்களுக்காவது அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, மெசின், வள்ள என்ஜின் விவரத்தையும் அதோடு சேர்த்து ஒரே தாளில் அச்சடிப்போம். ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிகுடிவரை ஒவ்வொரு கராஜ் சுவரிலும் ஒட்டுவோம். அச்சடிக்கிற செலவை நான் ஏற்கிறேன். இந்த வேலையில் சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் தாருங்கள்.